ஆலங்கட்டிக்குள் தெரியும் வளையங்கள்: மேகத்தில் எத்தனை முறை ஏறி இறங்கியதற்கான கணக்கா?

ஓசூர்ப் பண்ணை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓசூருக்கு அருகே பசுமைக்குடில் அமைத்து ரோஜா பயிரிட்டு வருகிறேன். கடந்த ஏப்ரலில் ஒரு நாள் பிற்பகல் நான்கு மணி அளவில், வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தபோதே மேற்கே கருத்து, முதலில் குளிர்ந்த காற்று வீசி, பிறகு கால் மணி நேரம் ஆலங்கட்டி கொட்டியது. எங்கள் பக்கத்தில் கன்னடம் பேசுகிறவர்கள் இதை ‘ஆலிக்கல்லு’ என்பார்கள். சங்கப் பாடல்களில் வரும் ‘ஆலி’ என்ற சொல் இன்னும் உயிரோடு உலவுவதாகவே எனக்குத் தோன்றும். குடிலின் பாலித்தீன் கூரையில் விழுந்த துளைகளை எண்ணி முடித்த பின், தரையில் கிடந்தவற்றுள் பெரிய கற்கள் ஆறினைப் பொறுக்கிக் குளிர்பெட்டியின் உறைவிப்பான் அறையில் வைத்தேன். பெரிய கல் வெர்னியர் அளவியில் 21 மி.மீ. விட்டம் காட்டியது.

மறுநாள் ஒரு கல்லைச் சூடேற்றிய கத்தியால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். நடுவில் மிளகளவு வெண்மையான பொட்டு, அதைச் சுற்றிக் கண்ணாடி போன்ற தெளிவான பட்டை, அதற்கு மேல் பால் நிறப் பட்டை, எல்லாவற்றுக்கும் வெளியே மீண்டும் மெல்லிய தெளிந்த ஓடு என்று வெங்காயத்தை அறுத்தது போல் இருந்தது. கல் மேகத்துக்குள் மேலே தூக்கப்பட்டுக் கீழே விழுந்து மீண்டும் தூக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு வளையம் சேரும் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அப்படியானால் இந்தக் கல் இரண்டு முறை ஏறி இறங்கியது என்று கொள்ளலாமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அதே மாலையில், ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து, கிருஷ்ணகிரியில் இருக்கும் என் மைத்துனர் வீட்டில் கல் ஒன்றுகூட விழவில்லை. தோளில் பட்டால் சில்லிடும் பெரும் பெரும் துளிகள் மட்டுமே விழுந்தனவாம். ஒரே மழை இரண்டு ஊர்களில் இப்படி வேறுபடக் காரணம் என்ன?

முகில்நோக்கி எழுதியது:

ஐயா, வளையங்களை ஏற்ற இறக்கத்தின் எண்ணிக்கையாகக் கொள்வது மிகப் பரவலான பிழை. ஒவ்வொரு வளையமும் சொல்வது, அந்த நேரத்தில் கல்லின் மேற்பரப்பு தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துத் தீர்க்க முடிந்ததா இல்லையா என்பதைத்தான்.

இடிமேகத்தின் மேல்பகுதியில் உள்ள நீர்த்துளிகள் பூஜ்ஜியத்துக்குக் கீழே பத்து, இருபது டிகிரி வரை குளிர்ந்திருந்தும் உறையாமல் நீராகவே இருக்கும். இவற்றை மீக்குளிர் துளிகள் என்போம். சில மி.மீ. அளவுள்ள ஓர் உறைந்த மழைத்துளியோ, பொரிந்த பனி உருண்டையோ கருவாக அமைந்து, இந்தத் துளிகளை வாரிக்கொண்டு பெரிதாகிறது. நீங்கள் கண்ட மிளகளவு வெண்பொட்டு அந்தக் கருதான்.

இனி வெப்பக் கணக்குக்கு வருவோம். ஒரு கிராம் நீர் உறையும்போது 334 ஜூல் உள்ளுறை வெப்பம் வெளிப்படுகிறது. −20 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் மீக்குளிர் நீரைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 84 ஜூல் போதும். ஆகவே கல்லில் மோதிய நீரில் கால் பங்கு உறைந்த உடனேயே, வெளிப்பட்ட வெப்பம் மீதி முக்கால் பங்கைப் பூஜ்ஜிய டிகிரிக்கு உயர்த்திவிடுகிறது. அந்த முக்கால் பங்கு உறைய வேண்டுமானால், அதன் வெப்பத்தைக் கல்லைக் கடந்து விரையும் குளிர்ந்த காற்றுதான் வாங்கிச் செல்ல வேண்டும். துளிகள் குறைவாக வந்து மோதும் இடத்தில் இதற்கு நேரம் கிடைக்கிறது. ஒவ்வொரு துளியும் மோதிய இடத்திலேயே கெட்டியாகி, இடையிடையே காற்றைச் சிறைப்படுத்துவதால் பட்டை பால் போல் வெளுக்கிறது. துளிகள் அடர்ந்த இடத்திலோ, முந்தைய நீர் உறைவதற்குள் அடுத்தது வந்து சேர்வதால், கல்லின் மேல் நீர்ப்படலம் பரவி, காற்றுக் குமிழ்கள் வெளியேறி, மெல்ல உறைந்து கண்ணாடிப் பட்டையாகிறது. மீன் சந்தைக்கு வரும் ஐஸ் பாளத்தில் ஓரங்கள் தெளிந்தும் கடைசியாக உறையும் நடுப்பகுதி காற்று ஒதுங்கி வெளுத்தும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குமிழ் வெளியேற வழி இருந்ததா இல்லையா என்பதே இரண்டிலும் கேள்வி. இந்த இரு வகை வளர்ச்சிக்கும் இடையிலான எல்லையை 1938-இல் ஷூமானும் 1958-இல் லட்லமும் கணக்கிட்டுக் காட்டினர். அவர்கள் பெயராலேயே அது ஷூமான்–லட்லம் எல்லை எனப்படுகிறது.

எனவே கல் ஓர் அங்குலம்கூட ஏறி இறங்காமல், ஏறுகாற்றின் ஓரத்தில் துளிகள் குறைந்த பகுதியிலிருந்து நடுவே துளிகள் செறிந்த பகுதிக்குக் கிடைமட்டமாக நகர்ந்தாலே வெள்ளைப் பட்டையின் மேல் தெளிந்த பட்டை படிந்துவிடும். அமெரிக்காவின் கொலராடோவில் ஃபிளெமிங் என்னும் ஊரருகே 1972 ஜூன் 21 அன்று எழுந்த பெரும் ஆலங்கட்டிப் புயலை ஆராய்ந்த பிரவுனிங்கும் ஃபுட்டும், பெரிய கற்கள் ஏறுகாற்றை ஒரே முறை குறுக்கே கடந்தே வளர்ந்திருக்கக்கூடும் என்று 1976-இல் விளக்கினர். பட்டைகளில் உள்ள நீரின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதத்தை அளந்து எந்த உயரத்தில் எந்தப் பட்டை படிந்தது என்று கணிக்கும் முறையும் உண்டு. அதிலும் பல முறை ஏறி இறங்கிய சுவடு பெரும்பாலான கற்களில் தென்படுவதில்லை.

கால அளவையும் பார்த்துவிடலாம். ஒரு கன மீட்டர் காற்றில் 3 கிராம் மீக்குளிர் நீர் இருப்பதாகவும், கல் காற்றைச் சார்ந்து நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் விழுவதாகவும், வழியில் உள்ள துளிகள் யாவும் ஒட்டிக்கொள்வதாகவும் கொண்டால், விட்டம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.5 மி.மீ. வளரும். 5 மி.மீ. கரு 21 மி.மீ. ஆவதற்குப் பத்துப் பதினோரு நிமிடங்கள் போதும். அந்த நேரம் முழுவதும் ஏறுகாற்றும் அதே நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் தாங்கிப் பிடித்தால், கல் ஒரே உயரத்தில் மிதப்பது போல் நின்றபடியே பெரிதாகும். பலமுறை பந்தாடப்பட வேண்டிய தேவையே இல்லை.

உங்கள் கல்லில் உட்பட்டை தெளிந்தது, அடுத்தது வெளுத்தது, கடைசி ஓடு மீண்டும் தெளிந்தது என்பதிலிருந்து, துளி செறிந்த பகுதி, குறைந்த பகுதி, மீண்டும் செறிந்த பகுதி என்று அது கடந்து வந்ததாக நான் படிக்கிறேன்.

இயற்பியல் ஆசிரியை எழுதியது:

முகில்நோக்கியின் விளக்கத்தில் கடைசிப் பத்தியை மட்டும் நான் ஏற்கவில்லை. வெளியே இருக்கும் மெல்லிய தெளிந்த ஓடு மேகத்தில் உருவானது என்பதற்கு இங்கே சான்று இல்லை. கல் தரையை அடையும்போது அதன் மேல் உருகிய நீர்ப்படலம் இருந்தே தீரும். அதைத் துடைக்காமல் உறைவிப்பானில் வைத்தால் அந்தப் படலம் உறைந்து, அச்சு அசலாகத் தெளிந்த ஓடாகிவிடும். சூடேற்றிய கத்தியும் இதே தவற்றைச் செய்யும்: அறுபட்ட முகத்தில் உருகிய நீர் குமிழ்களை நிரப்பி உறைந்து, வெளுத்த பட்டையைத் தெளிந்தது போல் காட்டும். அடுத்த முறை கல்லை உலர்ந்த துணியில் உருட்டி எடுத்து, உடனே பையிலிட்டு வைக்கவும். அறுப்பதற்கு மெல்லிய பற்களுள்ள சிறு ரம்பமே நல்லது. ரம்பத்தையும் முன்னதாகவே உறைவிப்பானில் குளிர வைத்துக்கொள்ளுங்கள்.

அறுத்த வில்லையை அரை மி.மீ. அளவுக்குத் தேய்த்து மெல்லியதாக்கி, ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பிய இரண்டு போலராய்டு தாள்களுக்கு இடையே வைத்து வெளிச்சத்தில் பார்த்தால், ஒவ்வொரு பனிப்படிகமும் தனித்தனி நிறத்தில் தெரியும். கொலராடோவின் போல்டர் நகரில் உள்ள வளிமண்டல ஆய்வு மையத்தில் சார்லஸ் நைட், நான்சி நைட் இணையர் பல ஆண்டுகள் இந்த முறையில்தான் கற்களைப் படித்தனர். கான்சஸ் மாநிலத்தின் காஃபிவில்லில் 1970 செப்டம்பர் 3 அன்று விழுந்த 757 கிராம் கல்லின் வெட்டுமுகப் படம் இன்றும் வகுப்பறைகளில் காட்டப்படுகிறது. பட்டையின் வெண்மையை மட்டும் பார்த்து முடிவு செய்வதைவிடப் படிக அளவையும் சேர்த்துப் பார்ப்பது நம்பகமானது. பொதுவாக மிகக் குளிர்ந்த இடத்தில் படிந்த பட்டையில் படிகங்கள் பொடியாகவும், பூஜ்ஜியத்துக்குச் சற்றே கீழான இடத்தில் படிந்ததில் பெரிதாகவும் இருக்கும்.

முகில்நோக்கி எழுதியது:

ஆசிரியை சொல்வது சரி. வெளி ஓட்டைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

காற்றுக்கணக்கு எழுதியது:

வளர்ச்சியைப் பற்றி மேலே உள்ளவர்கள் எழுதிவிட்டதால் நான் கரைவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கிருஷ்ணகிரிக் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

ஏப்ரலில் நம் பகுதியில் பூஜ்ஜிய டிகிரி மட்டம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்தில் இருக்கும். ஓசூர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கல் 4.1 கி.மீ. தூரம் வெப்பமான காற்றின் வழியே விழ வேண்டும். உருண்டையான கல்லின் முற்றுத் திசைவேகம் (காற்றின் தடையால் மேலும் கூடாமல் நிலைபெறும் வேகம்) விட்டத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்: 1 செ.மீ. கல் தரைக்கு அருகே நொடிக்கு ஏறத்தாழ 13 மீட்டர், 2 செ.மீ. கல் 18, 5 செ.மீ. கல் 28 மீட்டர். எனவே பெரிய கல்லுக்கு இரட்டை ஆதாயம். வெப்பமான காற்றில் அது செலவிடும் நேரமும் குறைவு. கரைய வேண்டிய பருமனோடு ஒப்பிட்டால் அதன் மேற்பரப்பும் குறைவு.

காற்றின் வெப்பம் வழியெங்கும் சராசரியாக 12 டிகிரி என்றும், ஈரத்தால் வந்து சேரும் வெப்பமும் அதே அளவு என்றும் வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டேன். 5 செ.மீ. கல்லின் விட்டத்தில் 2 மி.மீ. மட்டுமே குறைகிறது. 2 செ.மீ. அளவிலான கல் ஏறத்தாழ 4 மி.மீ. இழக்கிறது, அதாவது நீங்கள் அளந்த 21 மி.மீ. கல் பூஜ்ஜிய மட்டத்தைக் கடந்தபோது 25 மி.மீ. இருந்திருக்கும். 1 செ.மீ. கல் 6 மி.மீ.க்கு மேல் இழந்து மிளகளவாகிறது. 5 மி.மீ. கல்லோ இரண்டு கி.மீ. விழுவதற்குள் முற்றிலும் நீராகிவிடுகிறது. இவை வழவழப்பான உருண்டைக்கான கணக்குகள். உண்மையான கற்கள் தட்டையாகவும் முண்டும் முடிச்சுமாகவும் இருப்பதால் சற்று மெதுவாக விழுந்து, சற்றுக் கூடுதலாகக் கரையும்.

‘ஈரத்தால் வந்து சேரும் வெப்பம்’ என்றதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கரையும் கல்லின் மேற்பரப்பு எப்போதும் பூஜ்ஜிய டிகிரியில் நிற்கிறது. சுற்றியுள்ள காற்றில் நீராவி மிகுதியாக இருந்தால், ஐஸ் தண்ணீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பது போல் நீராவி கல்லின் மேல் படியும். ஒவ்வொரு கிராம் படியும்போதும் 2,500 ஜூல், அதாவது ஏழு கிராம் பனியைக் கரைக்கப் போதுமான வெப்பம், கல்லுக்குச் சேர்கிறது. சென்னையைப் போன்ற கடலோர ஊரில் மழை நேரக் காற்றின் பனிப்புள்ளி (நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24 டிகிரியை ஒட்டி இருக்கும்போது, இப்படிச் சேரும் வெப்பம் சூடான காற்று நேரடியாகத் தொட்டுக் கொடுக்கும் வெப்பத்தையே மிஞ்சிவிடும். மாறாகக் காற்று வறண்டிருந்தால் கல்லின் நீர் ஆவியாகி, மண்பானை நீரைக் குளிர்விப்பது போல் கல்லைக் குளிர்விக்கிறது. மேகத்தின் விளிம்புக்கு வெளியே நான்கு கி.மீ. உயரத்தில் காற்று 5 டிகிரி இருந்தாலும், ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் கல் கரையவே தொடங்காது. அதனால்தான் வானிலைக் கணிப்பில் பூஜ்ஜிய டிகிரி மட்டத்தைவிட, ஈரக்குமிழ் வெப்பநிலை (நீர் ஆவியாவதால் காற்று குளிரக்கூடிய கடைசி அளவு) பூஜ்ஜியமாகும் மட்டத்தைப் பார்க்கிறார்கள்.

தென்மேற்குப் பருவமழையில் மேகங்கள் மிக உயரமாக எழுந்தும் கல் விழாததற்கு இதுவும் ஒரு காரணம்: உறைமட்டம், அதாவது பூஜ்ஜிய டிகிரி மட்டம், மேலே போய்விடுகிறது, தரை வரை காற்று ஈரமாக இருக்கிறது, ஏறுகாற்றும் வலுக்குறைந்தது. 2014 பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் மகாராஷ்டிரத்தில் பயிர்களை அழித்த ஆலங்கட்டி மழை, உறைமட்டம் தாழ்ந்திருக்கும் பருவத்தில் நேர்ந்தது. ஆயினும் ஈரமான சமவெளி பாதுகாப்பானது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். இதுவரை பதிவானவற்றுள் மிகக் கனமான கல், 1.02 கிலோ எடையோடு, 1986 ஏப்ரல் 14 அன்று வங்கதேசத்தின் கோபால்கஞ்சில் விழுந்தது. அந்தப் புயலில் 92 பேர் இறந்தனர். கோபால்கஞ்ச் கடல் மட்டத்தை ஒட்டிய, ஈரம் மிகுந்த தாழ்நிலம். மேகம் அவ்வளவு பெரிய கல்லை வளர்த்துவிட்டால், கீழே உள்ள ஈரக் காற்றால் அதிலிருந்து சில மி.மீ. மட்டுமே சுரண்ட முடியும்.

இனிக் கிருஷ்ணகிரி. அது ஓசூரைவிட ஏறத்தாழ 400 மீட்டர் தாழ்வு. அந்த 400 மீட்டரும் வழியிலேயே மிக வெப்பமான அடுக்கு. ஆனால் இதை மட்டும் வைத்து 21 மி.மீ. கல் முழுவதும் மறைந்ததாக விளக்க முடியாது. கணக்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் மேகம் வலுவிழந்திருக்க வேண்டும், அல்லது மைத்துனர் வீட்டு வானில் இருந்தது அந்த இடிமழைக் கூட்டத்தின் இன்னொரு மேகமாக இருக்கலாம். அந்த நேரத்தில் அதில் 1 செ.மீ.க்குக் குறைவான கற்களே இருந்திருந்தால் கிருஷ்ணகிரியில் விழுவது நீர்தான். 9 மி.மீ.க்குக் குறைவான கற்கள் தாம் உருகிய நீரை உதறிவிடாமல் தம்மைச் சுற்றி உறை போல் சுமந்துகொண்டே விழும் என்பதை 1984-இல் ராஸ்முசென், லெவிட்சானி, புருப்பாஹர் ஆகியோர் காற்றுச் சுரங்கச் சோதனையில் கண்டனர். அதைவிடப் பெரிய கற்கள் நீரைச் சிறு துளிகளாக உதறிவிடும். உங்கள் மைத்துனரின் தோளில் பட்டுச் சில்லிட்ட பெருந்துளிகள், சற்று முன்பு வரை நடுவே பனிக்கட்டியைச் சுமந்திருந்தவை என்று கொள்வதில் தவறில்லை.

கல் விழுவதற்கு முன் வீசியதாக நீங்கள் எழுதிய குளிர்காற்றும் இதே கணக்கைச் சேர்ந்தது. ஒரு கிலோ பனி கரைய எடுத்துக்கொள்ளும் வெப்பம், 330 கிலோ காற்றை ஒரு டிகிரி குளிர்விக்கப் போதும். குளிர்ந்து கனத்த அந்தக் காற்று கீழே பாய்ந்து, தரையில் பரவி, கல்லுக்கு முன்பே உங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்கிறது.

ஓசூர்ப் பண்ணை எழுதியது:

மூவருக்கும் நன்றி. இத்தனை விரிவாக எதிர்பார்க்கவில்லை. விட்டத்தில் 4 மி.மீ. குறைவது கூரைக்கு எவ்வளவு நன்மை என்பதை யாராவது கணக்கிட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மற்றொரு சந்தேகம். மீதமிருந்த ஐந்து கற்களையும் மூன்று வாரங்களாகத் திறந்த கிண்ணத்தில் உறைவிப்பானுக்குள் வைத்திருக்கிறேன். மின்சாரம் ஒரு நாளும் தடைப்படவில்லை. கிண்ணத்தில் நீர் தேங்கிய அடையாளமும் இல்லை. ஆனாலும் 20 மி.மீ. இருந்த கல் இன்று 17 மி.மீ. காட்டுகிறது, அதன் மேலிருந்த தெளிந்த ஓட்டையும் காணவில்லை.

காற்றுக்கணக்கு எழுதியது:

கல்லின் நிறை விட்டத்தின் மும்மடியாகவும், வேகத்தின் வர்க்கம் விட்டத்தின் நேர்விகிதத்திலும் மாறுவதால், மோதும் ஆற்றல் விட்டத்தின் நான்மடிக்கு நேர்விகிதம். 25 மி.மீ. கல் 21 மி.மீ. ஆகும்போது ஆற்றல் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. 2 செ.மீ. கல்லின் ஆற்றல் அரை ஜூலுக்குச் சற்று மேல், 4 செ.மீ. கல்லுக்கு அது பதினாறு மடங்கு. நிழல்வலையைக் கூரைக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டுக் கட்டினால் 2 செ.மீ. வரையிலான கற்களின் வேகம் பெரிதும் தணியும் என்பது என் கருத்து. அதற்கு மேற்பட்ட கல்லுக்கு வலையும் தாளும் சேர்ந்தே கிழியும்.

இயற்பியல் ஆசிரியை எழுதியது:

உறைவிப்பானில் நடந்தது பதங்கமாதல். பனி படியாத வகைப் பெட்டிகளில் விசிறி ஒன்று வறண்ட குளிர்காற்றை ஓயாமல் சுற்றவிடும். அந்தக் காற்று, பனியை நீராக்காமலேயே மேற்பரப்பிலிருந்து நேரே ஆவியாக வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. தெற்கு டகோடாவின் விவியனில் 2010 ஜூலை 23 அன்று விழுந்த 20 செ.மீ. விட்டமுள்ள கல்லும், வீட்டு உறைவிப்பானில் இருந்தபோது மின்தடையால் ஓரளவு கரைந்த பின்னரே அளக்கப்பட்டது; அப்போதும் 880 கிராம் இருந்தது. அதே விட்டத்தில் முழு உருண்டையாக இருந்திருந்தால் மூன்றரைக் கிலோவைத் தாண்டியிருக்கும். காற்றுக்கணக்கு சொன்ன முண்டும் முடிச்சும் எவ்வளவு என்பதை இதிலிருந்தே பார்க்கலாம்.

உங்களிடம் மீதியிருக்கும் கற்களை ஒவ்வொன்றாக மெல்லிய நெகிழித் தாளில் காற்று புகாமல் இறுக்கிச் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். தெளிந்த ஓடு போய்விட்டதால் இப்போது அறுப்பது ஒருவகையில் வசதிதான்: வெளியே இருப்பது இனி மேகத்தில் படிந்த பட்டை. ரம்பத்தைக் குளிர வைக்க மறந்துவிடாதீர்கள்.